8 அங்குல டாப்சோனியனா, சீஸ்டாரா?

வானத்தைப் பார்த்துக் கற்க கையால் திருப்பிக் கண்ணால் பார்க்கும் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்குவதா, வானைத் தானே படமெடுக்கும் சீஸ்டார் எஸ்50 போன்ற தானியங்கிக் கருவி வாங்குவதா என்று பலர் தயங்குகிறார்கள். நான் சீஸ்டாரை வாங்கினேன். என் சாய்வும் அதன் பக்கம்தான்.

டாப்சோனியனின் 8 அங்குல ஆடி, சீஸ்டாரின் 50 மி.மீ. லென்ஸைவிட 16 மடங்கு ஒளியைத் திரட்டும். கோள்களைக் காண அதற்கு ஈடில்லை. சீஸ்டாரின் குவியத் தொலைவு 250 மி.மீ. மட்டுமே என்பதால், சனி தன் வளையத்தோடு சேர்ந்தும் 20 பிக்சல் அகலத்துக்கு எட்டாது. நிலவும் கோள்களும் போதும் என்பவர்கள் தயங்காமல் டாப்சோனியனையே வாங்கலாம்.

நகர வானத்தில் நெபுலாக்களை, அதாவது விண்வெளியின் வாயு, தூசி முகில்களை, காண்பதில் சீஸ்டார் முந்துகிறது. 10 நொடிப் படங்களை அடுக்கடுக்காகச் சேர்த்து இரைச்சலை, அதாவது படத்தில் தோன்றும் புள்ளிக் குறைகளை, குறைக்கிறது. இது எல்லோரும் அறிந்ததே.

நான் முடிவெடுத்தது வேறொன்றை வைத்து: இரவு முடிந்ததும் அளக்கத்தக்க தரவு கையில் மிஞ்ச வேண்டும். உரிய தெரிவை இயக்கிவிட்டால், சீஸ்டார் ஒவ்வொரு படத்தையும் ஃபிட்ஸ் என்ற வானியல் பட வடிவில் தனிக் கோப்பாகச் சேமிக்கும். ஒவ்வொரு பிக்சலும் பெற்ற ஒளி அதில் எண்ணாக இருக்கும். படம் எடுத்த நேரமும் பதிவாகியிருக்கும்.

எஸ்.இசட். லின்சிஸ் என்ற மாறும் விண்மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச் முன்னிரவுகளில் வடவானில் நன்கு உயர்ந்திருக்கும். மூன்று மணி நேரத்துக்குள் அதன் பிரகாச எண் (எண் சிறிதானால் பிரகாசம் அதிகம்) 9.1-க்கும் 9.7-க்கும் இடையே ஒரு முழுச் சுற்று ஏறி இறங்கிவிடும். அதே படத்தில் விழும், பிரகாசம் மாறாத இன்னொரு விண்மீனோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். மெல்லிய மேகம் கடந்தாலும் இரண்டும் ஒருசேர மங்குவதால் ஒப்பீடு பெரிதாகக் கெடாது. ஒளி மாசு வடிகட்டியை அகற்றிவிட்டு, பச்சைப் பிக்சல்களை மட்டும் கணக்கில் எடுங்கள். வானியலாளர்கள் பிரகாசத்தை அளக்கப் பயன்படுத்தும், பச்சையை ஒட்டிய ‘வி’ என்ற ஒளிப் பட்டைக்கு அவைதாம் நெருக்கமானவை. விண்மீனின் ஒளி பிக்சலை உச்சம்வரை நிரப்பிவிட்டால் அந்தப் படம் அளவீட்டுக்கு உதவாது. சிரில் என்ற இலவச மென்பொருளே இந்த வேலைக்குப் போதும். 1911 முதல் இயங்கிவரும் மாறும் விண்மீன் நோக்கர்களின் அமெரிக்கச் சங்கம் இத்தகைய அளவீடுகளை உலகெங்குமுள்ள ஆர்வலர்களிடமிருந்து பெற்றுக்கொள்கிறது.

டாப்சோனியனில் கண்ணால் மதிப்பிட்டும் அனுப்பலாம். ஆனால் கண் மதிப்பீட்டில் 0.1 அளவுக்குப் பிழை வருவது இயல்பு. மொத்த மாற்றமே 0.6 என்னும்போது அது பெரிய பிழை.

விண்மீன்களின் அமைப்பைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சீஸ்டார் தானே இலக்கைக் கண்டுபிடித்துவிடுவதால், வானத்தை நாம் கற்காமல் போவோமே என்ற கவலை நியாயமானது. ஒரு பைனாகுலரும் விண்மீன் வரைபடமும் உடன் இருந்தால் அதைச் சரிக்கட்டலாம்.

ஆயுள் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். டாப்சோனியனில் கெட்டுப்போக மின்னணுப் பாகங்கள் இல்லை. ஆடியைப் பேணினால் பல்லாண்டுகள் உழைக்கும். சீஸ்டாரின் பேட்டரியும் மோட்டாரும் அவ்வளவு காலம் தாங்குமா என்று சொல்ல என் அனுபவம் போதாது. கைப்பேசிச் செயலி இல்லாமல் அதை இயக்குவதும் கடினம். வாங்குமுன் இதையும் எண்ணிப் பாருங்கள்.