சோழவந்தானா, திருமங்கலமா? எங்கள் முடிவைத் தண்ணீர்தான் தீர்மானித்தது

சென்னையை விட்டு மதுரைப் பக்கம் வந்துவிடுவது என்று தீர்மானித்தபோதே, மதுரை நகருக்குள் குடியிருப்பதில்லை என்பதும் முடிவாகிவிட்டது. ஒரு நெரிசலிலிருந்து இன்னொரு நெரிசலுக்கு மாற எங்களுக்கு விருப்பமில்லை. கணவருக்கு வாரத்தில் சில நாட்கள்தான் மதுரையில் வேலை. மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மாமனாருக்கு வயதாகிவிட்டது, மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருக்கக் கூடாது. இந்தக் கணக்கில் உசிலம்பட்டி தூரத்தால் கழிந்தது. மேலூர், திருமங்கலம், சோழவந்தான் மூன்றும் மிஞ்சின.

திருமங்கலத்தில் ஓராண்டுக்கு மேல் வாடகைக்கு இருந்தோம். வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருந்து பார்த்துவிட வேண்டும் என்பது மாமனாரின் கண்டிப்பு. இப்போது சோழவந்தானில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மேலூரில் நாத்தனார் குடும்பம் இருப்பதால் விடுமுறைகளில் போய்த் தங்கிய பழக்கம் மட்டுமே உண்டு. மேலூரைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடகை, மளிகை, காய்கறி, வெயில் இவற்றில் மூன்று ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சென்னையில் கொடுத்த வாடகையில் பாதிக்கும் குறைவாகவே தனி வீடு கிடைத்தது. பள்ளிகள் மூன்று ஊரிலும் இருக்கின்றன. பிள்ளையை மதுரைப் பள்ளிக்குத்தான் அனுப்புவது என்றால் பள்ளி வேன் எந்த ஊர் வரை வருகிறது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேலூருக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. திருச்சி நெடுஞ்சாலையில் இருப்பதால் மதுரையின் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு நேர் பாதை. வழியில் ஒத்தக்கடையில் 2004 முதல் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளை. வழக்கறிஞர்களுக்கும் நீதிமன்ற ஊழியர்களுக்கும் நான் யோசிக்காமல் மேலூரைத்தான் சொல்வேன். ஆனால் ரயில் நிலையம் கிடையாது. எங்களுக்கு மாதம் ஒருமுறையாவது சென்னைக்குப் போக வேண்டியிருந்ததால் அது உறுத்தியது.

போக்குவரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் திருமங்கலத்தை மிஞ்ச மற்ற இரண்டாலும் முடியாது. கன்னியாகுமரி வரை போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. நள்ளிரவில் மதுரையில் இறங்கினாலும் விருதுநகர், திருநெல்வேலி பக்கம் போகும் ஏதாவது ஒரு பஸ் கிடைத்துவிடும். ரயில் நிலையமும் உண்டு. காரில் தினமும் மதுரைக்குப் போய் வருபவர்கள் மட்டும் கப்பலூர் சுங்கச்சாவடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உள்ளூர் வாகனங்களுக்கான கட்டணம் அங்கே பல ஆண்டுகளாகவே போராட்டத்துக்குரிய பொருள். சோழவந்தானிலிருந்து மதுரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பகலில் பஸ்ஸுக்குக் குறைவில்லை, மதுரை – திண்டுக்கல் ரயில் பாதையிலும் ஊர் இருக்கிறது. ஆனால் இரவு ஏற ஏற பஸ்கள் குறைந்துவிடும். சொந்த வண்டி இல்லாமல் இரவு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சோழவந்தான் சரிவராது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் நாங்கள் சோழவந்தானுக்கு வந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: தண்ணீர்.

2019 கோடையில் நாங்கள் மடிப்பாக்கத்தில் இருந்தோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்ட கோடை அது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாடே பார்த்தது. எங்கள் அடுக்ககத்தில் லாரி எப்போது வரும் என்று தெரியாமல், குடத்தைக் காலியாக வைக்கவே பயந்துகொண்டிருந்தோம். ஊர் மாறும்போது மனதில் இருந்த முதல் கேள்வி அந்தக் கோடை கற்றுக்கொடுத்ததுதான். மேற்குப் பார்த்த வாசலா, கிழக்குப் பார்த்த வாசலா என்று கேட்கிறவர்கள் போர்வெல் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

திருமங்கலத்தில் நாங்கள் இருந்த வீட்டில் தண்ணீர் ஒரு நாள்கூட நின்றதில்லை. ஆனால் அது உப்புத் தண்ணீர். குழாயின் வாயில் வெள்ளையாகப் பூத்துவிடும். எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தது மாதிரி ஒரு வளையம். சோப்பு நுரைக்காது, துணி துவைத்துத் துவைத்து விறைத்துப்போகும். கீசரின் சுருளை மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் பழையதைக் கழற்றிக் காட்டினார்: சுருள் இருந்த சுவடே தெரியாமல் விரல் பருமனுக்கு உப்பு அப்பியிருந்தது. “இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் அக்கா, வருஷத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும்” என்றார். குடிக்க ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும், ஆனால் தினமும் வராது. நடுவில் கேன் தண்ணீர்.

சமையல் செய்கிறவர்களுக்கு இன்னொரு அளவுகோல் இருக்கிறது. கடினத்தன்மை கூடிய தண்ணீரில் துவரம்பருப்பு சீக்கிரம் வேகாது. தண்ணீரில் உள்ள கால்சியம் பருப்பைக் கெட்டியாக்கிவிடும். வீடு பார்க்கப் போன இடங்களிலெல்லாம் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தேன். ஒரே கடைப் பருப்பு, ஒரே குக்கர், ஒரே எண்ணிக்கையில் விசில். திருமங்கலத் தண்ணீரில் பருப்பு முழுசு முழுசாக நின்றது. சோழவந்தானில் இப்போது நாங்கள் இருக்கும் தெருத் தண்ணீரில் கரண்டியால் தொட்டதும் மசிந்தது. கணவர் அதோடு நிற்காமல் ஆய்வகத்திலும் கொடுத்துப் பார்த்தார். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. வாடகை வீட்டுத் தண்ணீர் இரண்டாவது எல்லையை நெருங்கியது. சோழவந்தான் தண்ணீர் முதல் எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியது. பருப்பு சொன்னதைத்தான் ஆய்வகமும் சொன்னது.

இந்த வேறுபாடு தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். பாசனக் கணக்கைப் பார்த்தாலே ஓரளவு பிடிபடும். பென்னிகுயிக் கட்டி 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, 1959இல் திறந்த வைகை அணையில் சேர்ந்து, வைகையின் குறுக்கே உள்ள பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குப் பிரிகிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். அணைகளில் போதிய இருப்பு இருந்தால் ஜூன் மாதமே தண்ணீர் திறந்துவிடுவார்கள். மேலூர்ப் பகுதியும் திருமங்கலம் கால்வாய்ப் பகுதியும் ஒருபோகம். அவற்றின் முறை அதற்குப் பிறகுதான் வரும். சோழவந்தான் இருபோகப் பகுதியில், வைகைக் கரையிலேயே இருக்கிறது. சுற்றிலும் வயலும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை ஈரம் இல்லாத மண்ணில் வளராது. வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் கிணறுகளும் ஏறுகின்றன. திருமங்கலத்தைத் தாண்டினால் கரிசல், மானாவாரி. மழை பொய்த்தால் தரைக்கடியில் உள்ளதைத்தான் உறிஞ்ச வேண்டும். கடும்பாறைப் பகுதியில் ஆழம் போகப் போக உப்பு கூடுவதும் உண்டு.

ஆனால் ஊர்ப் பெயரை மட்டும் நம்பி வீடு பிடித்துவிடாதீர்கள். பாறைப் பிளவில் ஓடும் ஊற்று தெருவுக்குத் தெரு மாறும். திருமங்கலத்திலேயே நல்ல தண்ணீர் உள்ள தெருக்கள் இருக்கின்றன. சோழவந்தானில் ஆற்றை விட்டுத் தள்ளிப்போனால் உப்புத் தட்டும் வீடுகளும் இருக்கின்றன. எங்களுக்குப் போர் போட்டுக்கொடுத்தவர் சொன்ன யோசனையை எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். “எத்தனை அடி என்று கேட்காதீர்கள் அம்மா. மே மாதத்தில் மோட்டார் போட்டால் எவ்வளவு நேரம் ஓடிய பிறகு காற்று வாங்குகிறது என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.” நாங்கள் அப்படியே கேட்டோம். பக்கத்து வீட்டுப் பாட்டி, “மேல்தொட்டி நிரம்பி வழிகிற வரைக்கும் ஓடும், நாங்கள்தான் ஓடிப்போய் நிறுத்த வேண்டும்” என்றார். அன்றைக்கே முன்பணம் கொடுத்தோம்.

உப்புத் தண்ணீருக்கு வடிகட்டி வாங்கி வைத்தால் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். குடிநீருக்குச் சரி. ஆர்ஓ கருவி ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். உப்பு கூடிய ஊரில் அதன் சவ்வும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். குளியலுக்கும் துவைப்பதற்கும் வீடு முழுவதற்குமாக மென்னீராக்கும் கருவி வைத்தால் கீசர் பிழைக்கும், ஆனால் அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறதே தவிர கரைந்த உப்பின் மொத்த அளவைக் குறைப்பதில்லை. தவறாமல் உப்பு மூட்டை வாங்கிப் போட வேண்டும். அலசிவிடும் உவர்நீரைச் செடிக்கும் விட முடியாது. கீசர், வாஷிங் மெஷின், குழாய், கேன் என்று சில்லறைச் சில்லறையாகப் போன பணத்தை எழுதி வைத்துக் கூட்டிப் பார்த்தேன். திருமங்கலத்தில் வாடகை குறைவு என்று நினைத்த தொகையில் பெரும்பகுதி அதில்தான் கரைந்திருந்தது. தலைமுடி கொட்டியதைக் கணக்கில் சேர்க்கவில்லை; அதற்குத் தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

தண்ணீர் உள்ள ஊருக்கு அதற்கான தொல்லைகளும் உண்டு. வயல் நிரம்பியிருக்கும்போது மாலை ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட வேண்டும், அத்தனை கொசு. வயலை ஒட்டிய வீடுகளில் சுவர் அடியில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உரிகிறது. நஞ்சை மண்ணில் கட்டினால் அஸ்திவாரத்துக்குக் கூடுதலாகச் செலவாகும். ஆற்றுக்கு மிக அருகில் மனை வாங்குவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். நாங்கள் வந்த பிறகு வைகை கரைபுரண்டதில்லை, அதனால் வெள்ளத்தைப் பற்றி அனுபவத்தில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் எந்தத் தெரு வரை தண்ணீர் வந்தது என்று காட்டுவார்கள், அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களைப் பொறுத்தவரை இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இருக்கிறது. திருமங்கலத்தில் வெளியூர் உத்தியோகக்காரர்கள் அதிகம். வாடகைக்கு வருவதும் போவதும் சகஜம் என்பதால் யாரும் அதிகம் விசாரிக்கவில்லை. தனிமை விரும்புகிறவர்களுக்கு அது வசதி. சோழவந்தானில் வந்த வாரமே எந்த ஊர், யாருக்குச் சொந்தம், மாமனார் பெயர் என்ன என்று எல்லாம் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தொடக்கத்தில் கூச்சமாக இருந்தது. வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தபோது எங்கள் வீட்டையும் கணக்கில் எழுதியிருந்தார்கள். மாமனார் முழுத் தொகையையும் உடனே எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு அவர் மாலையில் நடக்கப் போனால், திரும்பி வரத் தாமதமானாலும் நான் கவலைப்படுவதில்லை. எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று யாராவது வந்து சொல்லிவிடுகிறார்கள். முதியவர்களோடு குடியேறுகிறவர்கள் இதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம்.

மருத்துவத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவமனைக்கோ போயாக வேண்டும். எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய தோப்பூர் திருமங்கலத்துக்குப் பக்கம் என்பதால், அது முழுதாக இயங்கும்போது திருமங்கலத்தின் கை ஓங்கும்.

மறுவிற்பனையிலும் அப்படியே. நெடுஞ்சாலையும் எய்ம்ஸும் இருப்பதால் திருமங்கலத்தில் மனை சீக்கிரம் கைமாறும். லாபத்துக்கு விற்கும் நோக்கத்தில் வாங்குகிறவர்கள் அங்கேயே வாங்குவது நல்லது. சோழவந்தானில் விற்க வேண்டுமென்றால் பொறுமை வேண்டும். நஞ்சையை மனையாகப் பிரித்து விற்கும் இடங்களில் கூடுதல் கவனமும் வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் வந்த விதிகள் 2016 அக்டோபர் 20ஆம் தேதி வரை பதிவானவற்றுக்குத்தான் பொருந்தும். அதற்குப் பிறகு பிரித்த மனை என்றால் நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பஞ்சாயத்தில் ஒப்புதல் வாங்கியாயிற்று என்ற வாய்வார்த்தை போதாது. வில்லங்கச் சான்றிதழை 30 ஆண்டுகளுக்காவது எடுங்கள். மனை பழைய வாய்க்கால் மேல் விழுகிறதா என்று கிராம வரைபடத்தை வைத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பாசன ஊரில் வாய்க்காலை மூடி மனையாக்கிய இடத்துக்குத் தண்ணீர் ஒருநாள் தன் பழைய பாதையில் வந்து சேரும். நாங்கள் பார்த்த மனைகளில் மிக மலிவானதை இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஊருக்குள் கட்டிய பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்தோம்.