கேருஸ்ஸோ, எவாங்கெலிசோமாய்: அறிவித்தலுக்கு இரு கிரேக்க வினைகள்

புதிய ஏற்பாட்டில் அறிவித்தலைக் குறிக்கும் வினைகளுள் கேருஸ்ஸோ, எவாங்கெலிசோமாய் என்னும் இரண்டும் முதன்மையானவை. முன்னது கேருக்ஸ் என்ற பெயர்ச்சொல்லோடு உறவுடையது. கேருக்ஸ் என்பவன் அரசனோ நகரமோ ஒப்படைத்த செய்தியைத் தன் கருத்தைக் கலவாமல் பொதுவிடத்தில் உரத்து முழங்கும் கட்டியக்காரன். ஆகவே இவ்வினையின் அழுத்தம் அனுப்பியவரின் அதிகாரத்திலும் அறிவிப்பின் வெளிப்படைத்தன்மையிலும் இருக்கிறது. செய்தி இனியதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தீர்க்கதரிசி யோனா நினிவே நகரில் அறிவித்த அழிவின் எச்சரிக்கைக்கும் பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதே வினையைத்தான் ஆள்கிறது.

எவாங்கெலிசோமாய் என்பதிலோ நற்செய்தி என்னும் பொருள் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதற்குக் கூட்டம் தேவையில்லை: தெசலோனிக்கேயரின் விசுவாசத்தையும் அன்பையும் பற்றித் தீமோத்தேயு கொண்டுவந்த ஆறுதலான செய்தியைப் பவுல் இவ்வினையால்தான் குறிக்கிறார் (1 தெச. 3:6).

இரண்டும் அருகருகே நிற்கும் இடம் லூக்கா 4:18. ஏழைகளுக்கு எவாங்கெலிசோமாய், சிறைப்பட்டோரின் விடுதலைக்குக் கேருஸ்ஸோ. பழைய தமிழ்த் திருப்புதல் (வேதாகம மொழிபெயர்ப்பு) முன்னதைச் 'சுவிசேஷத்தைப் பிரசங்கிக்க' என்றும் பின்னதைப் 'பிரசித்தப்படுத்த' என்றும் இங்கே நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் மாற்கு 1:14 போன்ற இடங்களில் கேருஸ்ஸோவும் 'பிரசங்கித்தல்' ஆகிவிடுவதால், ஆலய மேடையின் நீண்ட விளக்கவுரையே நம் மனக்கண்ணில் எழுகிறது. என் பார்வையில், கேருஸ்ஸோவின் உயிரை 'முரசறைதல்' என்ற நம் பழஞ்சொல்லே நெருங்கித் தொடுகிறது.