சோழவந்தான் பக்கம் ஒரு விடியற்காலையும் 14 மாத்திரைகளும்

இந்தத் தடவை ஊருக்குப் போன மூன்றாம் நாளே 108-ஐக் கூப்பிட வேண்டி வந்தது. அதனால் மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிம் கார்டு அரை மணி நேரத்தில் கிடைத்தது. ஒரு பேங்கில் ஒரே கையெழுத்துக்கு மூன்று நாள் அலைய விட்டார்கள். சரி, அதை விடுங்கள்.

மாமா வீடு சோழவந்தானுக்குப் பக்கத்துக் கிராமம். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார், வயது 63. விடியற்காலை நாலே முக்காலுக்கு அத்தை என்னைத் தட்டி எழுப்பினார். மாமா திண்ணையில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். தை மாதப் பனியில் நாங்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறோம், அவருக்கு முதுகெல்லாம் வியர்வை.

"ஒண்ணுமில்லத்தா, வாயு பிடிச்சிருக்கு. ராத்திரி பரோட்டா தின்னேன்ல, அதுதான்."

அத்தை ஓமத் தண்ணீர் கொதிக்கவைக்க அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் சோடா வாங்கிவர வண்டியைக் கிளப்பிவிட்டான். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். மாமா விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டவில்லை. உள்ளங்கையை விரித்து நெஞ்சின் நடுவில் வைத்து அமுக்கினார். "கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. தாடையும் கடுக்குது."

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குக் காரணம் லண்டனில் சனிக்கிழமைதோறும் நான் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் ஒரு கடை. பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் கடை அது. 1961-ல் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது. மக்கள் கொண்டுவந்து கொடுக்கிற பழைய துணி, புத்தகம், சோபா எல்லாவற்றையும் விற்று, அந்தப் பணத்தை இதய நோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறார்கள். மாரடைப்பு எப்படியெல்லாம் தெரியும், தெற்காசியக் குடும்பங்களில் இந்த ஆபத்து ஏன் அதிகம் என்றெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது அவர்கள் மூலமாகத்தான். செல்போனையும் ஒரு குஷனையும் வைத்துக்கொண்டு 15 நிமிடத்தில் சிபிஆர், அதாவது இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அமுக்கிச் செய்யும் முதலுதவி, கற்றுக்கொள்ள ஆன்லைனில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். அதையும் செய்திருந்தேன்.

108-க்குப் போன் போட்டேன். ஆரம்ப சுகாதார நிலையம் இரண்டு தெரு தள்ளித்தான் என்பதால் ஆம்புலன்ஸை அங்கேயே வரச் சொல்லிவிட்டு, மாமாவை நடக்கவிடாமல் ஆட்டோவில் ஏற்றினோம். டூட்டி நர்ஸ் ஈசிஜி எடுத்தார், போனில் டாக்டரிடம் பேசினார், அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கவரை எடுத்துக் கிழித்தார். மாமாவின் உள்ளங்கையிலேயே எண்ணி வைத்தார்: ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாடின் 8. ஆக மொத்தம் 14. "ஆஸ்பிரினை மட்டும் நல்லா கடிச்சு மென்னு முழுங்குங்கய்யா" என்றார்.

இது தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம். 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் இரண்டு என்றால் 300. லண்டனில் 999-க்கு, அதுதான் அங்கத்து 108, போன் செய்தால் மெல்லச் சொல்வதும் அதே 300தான். வெற்றிலைக் கொடிக்கால் ஊரில் அதே மருந்து, அதே அளவு. கண் கலங்கிவிட்டது எனக்கு.

இதய ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பதால்தான் மாரடைப்பு வருகிறதா, இல்லை மாரடைப்பு வந்த பிறகுதான் உறைகிறதா என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே வாதாடிக்கொண்டிருந்தார்கள். உறைவதுதான் காரணம் என்று 1970களில் காட்டியவர் பேராசிரியர் மைக்கேல் டேவிஸ். அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது நான் வேலை பார்க்கும் கடையின் அறக்கட்டளைதான். அப்புறம் 1988-ல், 17,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்று, ஆஸ்பிரின் கொடுத்தாலே முதல் ஐந்து வாரத்தில் சாவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று காட்டியது. அதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சின்னக் கவருக்குள் வந்திருக்கிறது.

ஆம்புலன்ஸ் வந்தது. மதுரை பெரியாஸ்பத்திரியில் அன்று மத்தியானத்துக்குள் ஆஞ்சியோ பார்த்து, அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய், அதாவது ஒரு ஸ்டென்ட், வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவை அது பார்த்துக்கொண்டது. வார்டில் இருந்த ஆறு நாளும் டீ, இட்லி, ஆட்டோ தவிர எங்கள் கையிலிருந்து பெரிதாக எதுவும் போகவில்லை.

அங்கே இருக்கும்போதுதான் அத்தை இன்னொன்றைச் சொன்னார். நாலு மாதம் முன்பும் மாமாவுக்கு இதே மாதிரி வலி வந்திருக்கிறது. டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு, அசிடிட்டி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். ஈசிஜி எடுக்கவே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீடு திரும்பிய வாரத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் அக்கா வந்தார். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கும் திட்டம் இது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்கள். அவர் வேலை பார்த்த விதம் எனக்குப் பிடித்தது. அத்தையைச் சுவரில் சாய்ந்து உட்காரவைத்தார், கையை நெஞ்சு உயரத்துக்கு ஒரு தலையணையில் வைத்தார், பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிவிட்டு, "அஞ்சு நிமிஷம் பேசாம இருங்கம்மா, பேசினா ஏறிக் காட்டும்" என்றார். அத்தையால் முடியுமா? மருமகள் கதையை ஆரம்பித்துவிட்டார். அக்கா சிரித்துக்கொண்டே அது முடிகிறவரை காத்திருந்து, பிறகு மறுபடி ஐந்து நிமிடம் உட்காரவைத்து அளந்தார். 158/94. நோட்டில் எழுதிக்கொண்டு, கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறைக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்புக்குள் நிற்க வேண்டும்.

மாமாவுக்கு இதுவரை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். அவர் வரும் நேரத்தில் மாமா எப்போதும் கொடிக்காலில்தானாம். இந்தத் தெருவில் முக்கால்வாசி ஆம்பிளைகள் அப்படித்தான் என்றார் அக்கா. இதை யாராவது கவனிக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு நாள் டீக்கடைப் பக்கம் உட்கார்ந்தாலே அத்தனை பேருக்கும் பார்த்துவிடலாம்.

மாத்திரை எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்துவிட்டது. வலிக்கிற ஆளுக்கும் அந்த அலமாரிக்கும் நடுவில் 'வாயு' என்கிற ஒரு சொல் நிற்கிறது. கொடிக்காலில் இலை கிள்ளும் பெண்களிடம் பேசினேன். வாயு அடைத்துச் செத்ததாக அவர்களுக்கே மூன்று பேரைத் தெரியும். மூன்று பேரும் 50 வயதைத் தாண்டவில்லை. அவர்களுக்கு என்ன வந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் யாருக்கும் ஈசிஜி எடுக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் திண்ணையில் ஒரு தலையணையைப் போட்டு, தெருப் பிள்ளைகளுக்கு சிபிஆர் காட்டினேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போகிற மாதிரி அமுக்க வேண்டும். சோடா வாங்கப் போன பையன்தான் முதலில் செய்து பார்த்தான். இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கிவிட்டது அவனுக்கு. மாமா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். புகையிலை இல்லாமல் வெறும் வெற்றிலை போடப் பழகிக்கொண்டிருக்கிறார், பாவம், ருசியே இல்லையாம்.

அப்புறம் வாசல் சுவரில், கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில், சுகாதார நிலையத்தின் போன் நம்பரையும் 108-ஐயும் மார்க்கரால் எழுதினேன். மேலே 'நெஞ்சு வலி' என்று தலைப்புப் போட்டேன். அத்தை தள்ளி நின்று பார்த்தார்.

"இன்னும் பெருசா எழுதுத்தா. ராத்திரில கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியணும்ல."