உடல் பாகத்தைக் குறிவைக்கும் அடி: கர்ப்ஸ், ரூன்குவெஸ்ட், டி அண்ட் டி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக ஆடும் எங்கள் குழுவின் புது ஆட்டத்துக்கு கர்ப்ஸ் (GURPS) என்ற விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பைத்தான் எடுத்தேன். "அவன் வாள் பிடிச்சிருக்கிற கையை வெட்டுறேன்" என்று ஒருவர் சொன்னால் விதிப்புத்தகமே அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். நான் அந்த நேரத்துக்குக் கண்டுபிடிக்கக் கூடாது.

டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பில் (2014) அந்தப் பதில் இல்லை. ஹிட் பாயிண்ட் என்பது ஒருவர் எவ்வளவு அடி தாங்குவார் என்பதற்கான எண். அங்கே அது உடல் பலம், மன உறுதி, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்த ஒரே கணக்கு. பகடை எண்ணில் ஐந்து கழித்துக்கொண்டு கண்ணில் அடிக்கலாம் என்று நாமே ஒரு ஹவுஸ் ரூல் போட்டுப் பாருங்கள், அப்புறம் எல்லோரும் கண்ணைத் தவிர வேறெங்கும் அடிக்க மாட்டார்கள். 1975-இல் டி அண்ட் டிக்கு வந்த பிளாக்மூர் என்ற இணைப்புப் புத்தகத்திலேயே உடல் பாக விதி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. அது பிரதான விதிகளில் நிலைக்கவில்லை.

உண்மையான போட்டி ரூன்குவெஸ்டோடுதான். 1978-இல் வந்தது. அடி விழுந்ததும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும்: 1 முதல் 4 வரை வலது கால், 19, 20 என்றால் தலை. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ஹிட் பாயிண்ட், தனிக் கவசம். எந்த அடியும் ஏதோ ஓர் இடத்தில் பட்டே தீரும் என்பது சண்டையை அப்படியே கண்முன் நிறுத்துகிறது. கர்ப்ஸில் பகடையால் இடத்தைத் தீர்மானிப்பது விரும்பினால் மட்டும் சேர்த்துக்கொள்ளும் விதிதான். ரூன்குவெஸ்டில் நாமே இடத்தைக் குறிவைத்தால் அடிக்கும் வாய்ப்பு பாதியாகும்.

நான் ரூன்குவெஸ்டை விட்டது கணக்கு வைக்கும் சுமையால். மனித உடலுக்கு ஏழு பாகம். ஆறு கொள்ளைக்காரர்கள் வந்தால் நாற்பத்திரண்டு எண்கள், போக ஒவ்வொருவருக்கும் மொத்த ஹிட் பாயிண்ட் வேறு. ஆடுபவர்களுக்கு ஆளுக்கொரு தாள்தான். எழுதி, அழித்து, மறுபடி எழுதுவதெல்லாம் ஆட்டத்தை நடத்தி எதிரிகளை இயக்கும் கேம் மாஸ்டர் தலையில் விழுகிறது.

கர்ப்ஸில் பாகத்துக்குத் தனிக் கணக்கே இல்லை. பத்து ஹிட் பாயிண்ட் உள்ள ஒருவன் கையை வெட்டப் போகிறீர்கள், உங்கள் வாள் திறன் 14 என்று வைத்துக்கொள்வோம். கையைக் குறிவைத்தால் அந்தத் திறனில் இரண்டு குறையும். மூன்று பகடையில் 12-க்குள் விழ வேண்டும், அதாவது சுமார் 74 சதவீதம். மண்டை ஓட்டுக்கு ஏழு குறையும். வாய்ப்பு 16 சதவீதத்துக்கு வந்துவிடும். எதிரி தடுத்துக்கொள்வது அதற்கு மேல். கவசத்தைத் தாண்டி நான்கு புள்ளி உள்ளே போனால், வெட்டு என்பதால் ஒன்றரை மடங்காகி ஆறு. ஒரே அடியில் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனதால் கை செயலிழந்தது. ஒன்பது வந்திருந்தாலும் ஆறுதான் கழியும், மீதி வீண். கையை வெட்டி ஆளைக் கொல்வது லேசில் நடக்காது, ஆனால் அந்தக் கை இந்தச் சண்டைக்கு உதவாது. அவன் பெயருக்கு எதிரே நான் எழுதுவது மீதமுள்ள நான்கையும், 'வலது கை' என்பதையும் மட்டும்தான்.

இந்த ஒரு விஷயத்துக்காகவே கர்ப்ஸின் மற்ற பாரத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். பாரம் இருக்கத்தான் செய்கிறது. கழுத்துக்கு ஐந்து, கண்ணுக்கு ஒன்பது என்று அட்டவணை பார்த்துப் பார்த்துப் புதியவர்கள் சலித்துப்போகிறார்கள். குறைகழிவுகளை ஒரு சின்ன அட்டையில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்த பிறகுதான் வேகம் வந்தது.

சைபர்பங்க் ரெட்டும் (2020) நல்ல வழி வைத்திருக்கிறது: தன் முறைக்கான முழு ஆக்‌ஷனையும் செலவழித்து, எட்டு கழித்துக்கொண்டு, தலை, கால், கையில் உள்ள பொருள் என மூன்றில் ஒன்றைச் சுடலாம். தலையில் பட்டால் கவசத்தைத் தாண்டிய சேதம் இரட்டிப்பு. அதை நான் குறைவாகவே ஆடியிருக்கிறேன். நீண்ட ஆட்டத்தில் எப்படித் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

உங்கள் ஆட்டத்தில் ஒருவருக்கு ஒருவர் மோதுவதே அதிகம், கும்பல் சண்டை அபூர்வம் என்றால் ரூன்குவெஸ்டையே எடுங்கள். எங்கள் ஆட்டத்தில் ஆறு பேருக்குக் குறைவாகக் கொள்ளைக்காரர்கள் வருவதே இல்லை.