கைக்குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று: தினசரி மருந்தா, உடம்பின் சொந்தக் காவலா?

கைக்குழந்தைக்கு ஒருமுறை சிறுநீர்த் தொற்று வந்து குணமானதும், மறுபடி வராமல் தடுக்க இரண்டு வழிகள் பேசப்படும். ஒன்று, தினமும் ஒரு வேளை குறைந்த அளவில் ஆன்டிபயாடிக் சிரப். மற்றது, மருந்து கொடுக்காமல் உடம்பின் தற்காப்பை நம்பி, காய்ச்சல் வந்தால் உடனே சிறுநீரைச் சோதிப்பது.

இந்தத் தற்காப்பைப் பலரும் குறைத்து எடைபோடுகிறார்கள். பெரும்பாலான தொற்றுக்குக் காரணம் ஈ.கோலை. குடலில் சாதுவாக இருக்கும் இந்தப் பாக்டீரியா சிறுநீர்ப் பாதைக்குள் ஏறி, நுண்ணிய இழைகளால் சிறுநீர்ப்பையின் சுவரில் உள்ள மேனோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். சிறுநீரகம் சுரக்கும் யூரோமாடுலின் புரதத்திலும் அதே சர்க்கரை உண்டு. ஏமாந்து அதைப் பிடிக்கும் கிருமி சிறுநீரோடு வெளியே போய்விடும். தாய்ப்பாலோ ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம், கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் லாக்டோஃபெரின் என்ற புரதம் இரண்டையும் தருகிறது. அதன் சர்க்கரைத் தொடர்களில் கொஞ்சம் குழந்தையின் சிறுநீர் வரைக்கும் வந்து சேர்கிறது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளுக்குத் தொற்று குறைவு என்று 2004இல் ஸ்வீடன் ஆய்வு ஒன்று காட்டியது. நீண்ட காலம் குடித்தவர்களுக்குப் பால் மறந்த பிறகும் அந்தப் பலன் நீடித்தது.

சரி, மருந்து? 2014இல் வெளியான அமெரிக்காவின் ரிவர் ஆய்வில், சிறுநீர் பின்னோக்கி ஏறும் ரிஃப்ளக்ஸ் உள்ள 607 குழந்தைகளை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு மறு தொற்று ஏறக்குறைய பாதியானது. ஆனால் தொற்று சிறுநீரகத்தில் விட்டுச்செல்லும் தழும்பு இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒன்றே. மீண்டும் தொற்று வந்தபோது, ஈ.கோலை அந்த மருந்துக்கு அடங்காமல் போனது மருந்துத் தரப்பில் 63 சதவீதம், மற்றவர்களிடம் 19 சதவீதம். கடுமையான ரிஃப்ளக்ஸ் உள்ள 292 பச்சிளங்குழந்தைகளிடம் ஐரோப்பாவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வும் இதே போக்குதான்: முதல் தொற்று 36இலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தது, தழும்பில் மாற்றமில்லை.

தழும்பைத் தடுக்காத மருந்துக்கு இவ்வளவு பெரிய விலையா என்பதே என் கேள்வி. சிறுநீர்ப் பாதையின் அமைப்பில் கோளாறில்லாத குழந்தைக்குத் தினசரி சிரப் தேவையில்லை என்பேன். கடுமையான ரிஃப்ளக்ஸும் திரும்பத் திரும்பக் காய்ச்சலும் இருந்தால் கதை வேறு. கிருமியை வெளியே அடித்துச் செல்ல வேண்டிய சிறுநீரே அங்கே மேலே ஏறுகிறது. அப்போது மருத்துவர் சிரப் எழுதினால் தயங்க வேண்டாம்.

ஒன்று மட்டும் குழம்பிவிடக் கூடாது. இந்த ஒப்பீடெல்லாம் தடுப்புக்குத்தான். தொற்று வந்துவிட்டால் முழு அளவு ஆன்டிபயாடிக்தான் சிகிச்சை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், ஆனால் அது மட்டும் போதாது. மூன்று மாதத்துக்குக் கீழ் எந்தக் காய்ச்சலானாலும் அன்றைக்கே மருத்துவமனை.