லென்ஸைப் பேக்கேஜாக விற்கும் கண்ணாடிக் கடைகள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

புதுக் கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் இதைக் கேளுங்கள்: லென்ஸின் இண்டெக்ஸ் (பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற எண், அது கூடக் கூட லென்ஸ் மெல்லியதாகும்) என்ன, கோட்டிங் என்ன, ஒவ்வொன்றுக்கும் தனியாக எவ்வளவு, பில்லில் அப்படியே எழுதித் தருவீர்களா? எழுதித் தர மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம். எனக்கு நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 2. சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் வரும் பார்வைக் குறைக்கான பவர்) கிடையாது. ஃபிரேமைத் தேர்ந்தெடுத்ததும் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். கிளாசிக், பிரீமியம், பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ். ஒவ்வொன்றின் கீழும் ‘மெல்லியது’, ‘மிக மெல்லியது’, ‘டிஜிட்டல் பாதுகாப்பு’ என்று டிக் போட்டிருந்தார்கள். லென்ஸ் எந்தப் பொருளில் செய்தது, இண்டெக்ஸ் எவ்வளவு என்ற தகவல் எங்குமே இல்லை. கேட்டேன். “பிளாட்டினம் 1.74 சார், இருக்கறதுலயே தின். ஆன்டி கிளேர், ப்ளூ கட் எல்லாம் அதுலயே வந்துடும். கிளாசிக் போட்டா சோடா புட்டி மாதிரி தெரியும்” என்றார் விற்பனையாளர். ஆன்டி கிளேர் என்பது பிரதிபலிப்பைக் குறைக்கும் ஆன்டி ரிஃப்ளெக்ஷன் கோட்டிங், ப்ளூ கட் என்பது நீல ஒளியைத் தடுப்பது. பிளாட்டினத்துக்கே பணம் கட்டினேன். பில்லில் ‘பிளாட்டினம் லென்ஸ் ஒரு ஜோடி’ என்று ஒரே வரி.

அந்த சோடா புட்டிப் பேச்சு உண்மையா என்று பார்ப்போம். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியது, ஓரத்தில் தடிமன். 50 மி.மீ. அகலமுள்ள மைனஸ் 2 லென்ஸில் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள கன வித்தியாசம், சாதாரண 1.50 பிளாஸ்டிக்கில் சுமார் 1.25 மி.மீ. அதுவே 1.74-இல் சுமார் 0.85 மி.மீ. அதிகப் பணம் கொடுத்து மிச்சம் பிடிப்பது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஃபிரேமின் விளிம்பே அதை மறைத்துவிடும். மைனஸ் 8 என்றால் கதை வேறு. அங்கே 5 மி.மீ. என்பது 3.4 ஆகக் குறையும், எடையும் குறையும். அப்படிப்பட்டவர்களுக்கு ஹை இண்டெக்ஸ் தேவைதான். அவர்களுக்கும் சின்ன ஃபிரேம் எடுத்தால் ஓரத் தடிமன் இன்னும் இறங்கும், அதற்குத் தனிச் செலவு கிடையாது. இதையெல்லாம் முதலில் சொல்ல வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு.

கண்ணாடி கைக்கு வந்ததும் ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். லென்ஸில் விளக்கின் பிம்பம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. ஆன்டி ரிஃப்ளெக்ஷன் கோட்டிங் இருந்தால் அந்தப் பிம்பம் மங்கி, லேசான பச்சை அல்லது நீலச் சாயலில் தெரியும். கோட்டிங் இல்லாத 1.50 லென்ஸ், மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 8 சதவீதத்தை இரண்டு பக்கமும் சேர்த்துத் திருப்பி அனுப்பும். இண்டெக்ஸ் ஏற ஏற இதுவும் கூடும், 1.74-இல் சுமார் 14 சதவீதம். அதனால்தான் ஹை இண்டெக்ஸ் லென்ஸுக்கு இந்தக் கோட்டிங் கட்டாயம் போல. அது இல்லாத ஒரு ‘1.74’ என்றதுமே எனக்குச் சந்தேகம்.

வேறொரு கடையில் அனுபவமுள்ள ஆப்டீஷியன் ஒருவரிடம் காட்டினேன். லென்ஸின் வளைவை அளக்க லென்ஸ் கிளாக் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. அது 1.53 இண்டெக்ஸுக்கு ஏற்றபடி அளவு குறிக்கப்பட்டது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் அதில் அளந்து, உண்மையான பவரோடு ஒப்பிட்டால் பொருளின் இண்டெக்ஸ் தோராயமாகத் தெரிந்துவிடும். 1.74-ஆக இருந்தால் மைனஸ் 2 லென்ஸுக்கு அந்தக் கருவியில் மொத்தம் 1.4 பக்கம் வர வேண்டும். எனக்கு வந்தது 1.9. “இது 1.56 மாதிரி இருக்குங்க, ஹார்ட் கோட் மட்டும்தான் போட்டிருக்காங்க” என்றார். ஹார்ட் கோட் என்பது கீறல் விழாமல் காக்கும் பூச்சு. பவர் மட்டும் சரியாக இருந்தது. கண்ணில் போட்டால் எழுத்து நன்றாகவே தெரியும், அதனால்தான் இந்த மாதிரி ஏமாற்று எளிதில் வெளியே வருவதில்லை.

விற்ற கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். மேலாளர் லேசர் பேனா ஒன்றை எடுத்து லென்ஸ் வழியாக ஒரு அட்டையில் அடித்துக் காட்டினார். வெளிச்சம் அட்டைக்குப் போகவில்லை. “பாருங்க சார், எவ்வளவு பவர்ஃபுல் கோட்டிங்!” இந்த டெமோவை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள், நம்பாதீர்கள். அந்தப் பேனாக்கள் பெரும்பாலும் 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளியைத் தருபவை. எல்இடி திரையின் நீலம் உச்சத்தில் இருப்பது 450 பக்கம். பேனா ஒளி நின்றால் ஊதா நிற்கிறது என்று மட்டும் அர்த்தம். ஆன்டி ரிஃப்ளெக்ஷன் கோட்டிங் இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ப்ளூ கட் கண் சோர்வைக் குறைக்கும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் பலவீனம்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கணினி வேலையால் வரும் கண் சோர்வு, சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால், குறுகிய காலத்தில் இதனால் குறைவதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து கண் காய்ந்துபோவது ஒரு முக்கியக் காரணம், அதற்கு லென்ஸ் என்ன செய்யும்?

அட்டை எப்படி இருந்திருக்க வேண்டும்? முதல் வரியில் இருப்பதிலேயே எளிய லென்ஸும் அதன் விலையும். அப்புறம் இண்டெக்ஸ் வாரியாக எவ்வளவு கூடும், ஆன்டி ரிஃப்ளெக்ஷனுக்கு எவ்வளவு, ப்ளூ கட்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக. வேண்டாததை நாமே அடித்துவிடலாம். என்னைக் கேட்டால், என் பவருக்கு 1.50-உம் நல்ல ஆன்டி ரிஃப்ளெக்ஷனும் போதும். குழந்தைகளுக்கும் விளையாடுபவர்களுக்கும் அடி தாங்கும் பிளாஸ்டிக் வகைகளான பாலிகார்பனேட்டோ டிரைவெக்ஸோ வேண்டும், அங்கே மெல்லியதா என்பது இரண்டாவது கேள்வி. பாலிகார்பனேட் எளிதில் உடையாது, ஆனால் ஓரத்தில் நிறம் பிரிவது சாதாரண பிளாஸ்டிக்கைவிட அதிகம். இதையும் கடை சொல்ல வேண்டும்.

புரோகிரெசிவ் (தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸ்) வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருங்கள், பணம் பெரிதாகப் போவது அங்கேதான். நல்லவேளையாக அதில் சரிபார்க்க வழி உண்டு. லென்ஸின் மேல் வாயால் ஊதி வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு மெல்லிய குறிகள் தெரியும். காது பக்கக் குறிக்குக் கீழே ஆடிஷன் பவர் (படிப்பதற்காகக் கூட்டும் பவர்) பொறித்திருக்கும், மூக்குப் பக்கக் குறிக்குக் கீழே பெரும்பாலும் கம்பெனியின் அடையாளம். சொன்ன பிராண்டின் அடையாளம்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சிங்கிள் விஷன் (ஒரே பவர் உள்ள) லென்ஸில் பொதுவாக இப்படிக் குறி இருக்காது. அதற்கு லென்ஸ் வந்த காகித உறைதான் சாட்சி. பவர், இண்டெக்ஸ், கோட்டிங், விட்டம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே அந்த உறை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கண் பரிசோதனைச் சீட்டையும், கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பரிசோதனை இலவசம் என்று சொன்ன கடை எனக்குச் சீட்டுத் தர மறுத்தது. அமெரிக்காவில் பரிசோதனை முடிந்ததும் சீட்டைக் கையில் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1978-லிருந்தே விதி இருக்கிறது. சீட்டு நம் கையில் இருந்தால் எந்தக் கடைக்கும் போகலாம்.

என் உறையைக் கேட்டபோது “அதெல்லாம் லேப்லயே தூக்கிப் போட்டுடுவாங்க” என்றார்கள். ஆப்டீஷியனின் அளவுகளோடு எழுத்தில் புகார் கொடுத்ததும், லென்ஸை மாற்றித் தருகிறோம் என்று இறங்கி வந்திருக்கிறார்கள். 1.74 எனக்கு வேண்டாம், ஆன்டி ரிஃப்ளெக்ஷனோடு 1.50 போடுங்கள், மீதிப் பணத்தைத் திருப்பித் தாருங்கள், வெட்டுவதற்கு முன் உறையைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பணம் தருவதற்குச் சரி என்றுவிட்டார்கள். உறையைக் காட்டுவதற்கு இன்னும் பதில் வரவில்லை.