தேக்கு வெனீர் டைனிங் டேபிள் செய்யச் சொல்லப் போகிறீர்களா? அடிப்பக்கத்தைப் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் வீட்டு வேலை முடித்துவிட்டு ஃபர்னிச்சருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 42,000 ரூபாய் கொடுத்து நாங்கள் செய்யச் சொன்ன டைனிங் டேபிள் ஒரு ஐப்பசி மழையைக்கூடத் தாங்கவில்லை. கடையின் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போயிருக்கிறது, அது முடியட்டும்.

வெனீர் என்றாலே போலி என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. தேக்கை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, நல்ல பிளைவுட் மேல் ஒட்டுவது மதிப்பான வேலைதான். பிளைவுட்டில் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பார்கள். அதனால் மழையில் உப்புவதும் வெயிலில் சுருங்குவதும் முழுப்பலகையைவிடக் குறைவு. எங்கள் ஊர் பனிக்கும் மழைக்கும் இதுதான் சரி என்று யோசித்துத்தான் கேட்டோம். திருட்டு நடப்பது அந்த அரை மில்லிமீட்டருக்குக் கீழே.

பேசியது இதுதான். மேல்பலகை 6 அடிக்கு 3 அடி, 19 மி.மீ. மரைன் பிளை, அதாவது ஈரம் தாங்கும் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது. மேலும் கீழும் வெனீர், சுற்றிலும் ஓரத்தை மூட தேக்கு ரீப்பர் (மெல்லிய கட்டை). கால்கள் 2 இன்ச் சதுர இரும்புப் பைப், 16 கேஜ் கனம், கறுப்பு பவுடர் கோட்டிங். எல்லாமே வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பில்லில் மட்டும் ‘டைனிங் டேபிள் – 1’ என்று ஒற்றை வரி. விவரமாகப் போடச் சொன்னதற்கு, “கம்ப்யூட்டர்ல அவ்வளவுதான் அடிக்க முடியும்க்கா, நம்ம கடைதானே” என்றார் முதலாளி.

கோடையில் டெலிவரி ஆனபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் கடை நம்பர் கேட்டார்கள். அப்புறம் வடகிழக்கு மழை பிடித்தது. குன்னூரில் அக்டோபர், நவம்பர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அலமாரிக்குள் மடித்து வைத்த துணியே பூசணம் பிடிக்கும். முதலில் ஓரத்து ரீப்பர் பிரிந்து உள்ளே பலகை உப்பியது. பிறகு வெனீர் அங்கங்கே எழும்பி, விரலால் தட்டினால் காலியாகச் சத்தம் கேட்டது. கடைசியில் மேல்பலகையின் இரண்டு நீளப் பக்கங்களும் தூக்கி, நடு குழிந்துவிட்டது. ரசம் சிந்தினால் எந்த மூலையில் சிந்தினாலும் நடுவுக்கு ஓடி வந்து தேங்கும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகப் போயிற்று, எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் வீட்டு ஜன்னல் வேலை பார்த்த ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் மேலே பார்க்கவே இல்லை. “பிடிங்கம்மா, கவுத்திடலாம்” என்று டேபிளைக் கவிழ்த்தார். அடிப்பக்கம் வெனீரும் இல்லை, பாலிஷும் இல்லை. மரக்கலரில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி ஓட்டைக்குள் உளியின் முனையை விட்டுக் கிளறினார். மரத்தூளும் சின்னச் சின்னச் சில்லுமாகக் கொட்டியது. பிளைவுட் என்றால் அடுக்கு தெரிய வேண்டும். இது பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்வது. சுவரோரம் காய்ந்த இடத்தில் நிற்கும் புத்தக அலமாரிக்கு அது பரவாயில்லை. தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற டைனிங் டேபிளுக்கு, அதுவும் இந்த மலையில், அது ஆகவே ஆகாது.

நடு ஏன் குழிந்தது என்பதையும் அவர்தான் விளக்கினார். மேல்பக்கம் வெனீரும் பாலிஷும் சேர்ந்து அடைத்துக்கொண்டுவிட்டது. அடிப்பக்கம் கிட்டத்தட்டத் திறந்தே கிடக்கிறது, காற்றில் உள்ள ஈரத்தை அதுதான் குடிக்கிறது. ஒரு பக்கம் மட்டும் உப்பினால் பலகை வளையத்தானே செய்யும்? அதனால்தான் நல்ல பட்டறையில் அடியிலும் விலை குறைந்த வெனீர் ஒன்றாவது ஒட்டி, பாலிஷும் கொடுப்பார்கள்.

காலும் அதே கதை. 16 கேஜ் என்றால் பைப்பின் கனம் 1.6 மி.மீ. அந்த அளவு 2 இன்ச் பைப் மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடை வரும். எங்களுக்கு வந்தது 20 கேஜ் கனம்தான், மீட்டருக்கு ஒன்றரைக் கிலோகூடத் தேறாது. வெல்டிங்கை முழுக்க ஓட்டவில்லை, மூலைக்கு ஒரு பொட்டு வைத்து மேலே பட்டி பார்த்திருந்தார்கள். பவுடர் கோட்டிங் என்பது பொடியைத் தூவி 180 – 200 டிகிரி சூட்டில் ஓவன் அடுப்பில் வேகவைப்பது. தின்னர் நனைத்த பஞ்சால் லேசாகத் துடைத்தால் அது அசையாது. எங்கள் டேபிள் காலில் துடைத்ததும் பஞ்சு கறுத்துவிட்டது. வெறும் ஸ்ப்ரே பெயிண்ட், அடியில் துரு பிடிக்காமல் இருக்க அடிக்கிற ரெட் ஆக்சைடுகூட இல்லை. பைப்பின் அடிவாயில் மூடியும் கிடையாது, தரையைத் துடைக்கிற தண்ணீர் உள்ளே ஏறி அங்கிருந்தே துரு பிடித்திருந்தது.

கடைக்குப் போன் செய்தால் முதல் பதில்: “மலையில ஈரம்க்கா, நாங்க என்ன செய்ய?” குன்னூரில் கடை வைத்துக்கொண்டு குன்னூர் ஈரம் தெரியாதா? பழைய எஸ்டேட் பங்களாக்களில் இருக்கிற டேபிளெல்லாம் இதே ஈரத்தில்தான் நிற்கிறது. இரண்டாவது பதில், நாங்கள் சூடான பாத்திரம் வைத்திருப்போமாம். அடிப்பக்கத்து போட்டோவை அனுப்பிய பிறகுதான் ஒரு பையனை அனுப்பினார்கள்.

அந்தப் பையன் ஃபெவிகாலும் ஊசியும் கொண்டு வந்தான். எழும்பிய இடத்தைப் பிளேடால் கீறி, ஊசியால் பசை ஏற்றி, மேலே பாரம் வைத்துக் காயவிடுவது முறையான வைத்தியம்தான். அவனுக்குப் பொறுமை இல்லை. என் அயர்ன் பாக்ஸையே கேட்டு வாங்கி, துணிகூடப் போடாமல் நேராக அழுத்தினான். பாலிஷ் பால் வெள்ளையாக வெளுத்துவிட்டது. “மிஷின் போட்டுத் தேய்ச்சா சரியாயிடும்க்கா” என்று சேண்டிங் மிஷினை வெளியே எடுத்தபோது தடுத்துவிட்டேன். அரை மில்லிமீட்டர் வெனீரில் மிஷினை ஓட்டினால் தேக்கு போய்த் தூள் பலகைதான் பல்லிளிக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. வெனீர் ஒட்டுவதற்கு முன்னால் பட்டறைக்குப் போய், பிளைவுட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதிலுள்ள ஐ.எஸ். நம்பரையும் பாருங்கள். ஐ.எஸ். 303 என்று இருந்து, கூடவே எம்.ஆர். (மாய்ஸ்ச்சர் ரெசிஸ்டன்ட்) என்றும் இருந்தால் அது காய்ந்த இடத்துக்கான சாதாரண பிளை, விலையும் குறைவு. போக முடியாவிட்டால் முத்திரை தெரிகிற மாதிரி போட்டோ கேளுங்கள். சாக்கு சொல்கிற கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பலகை வகை, கனம், அடிப்பக்க வெனீர், பைப் கேஜ், கோட்டிங் எல்லாம் பில்லில் ஏற வேண்டும், கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் போதும். டெலிவரி அன்று மேலே தடவிப் பார்த்து மயங்காமல், வண்டிக்காரர் இருக்கும்போதே குனிந்து அடியைப் பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அதனால் கடை கோயம்புத்தூரில் இருந்தாலும் மலை இறங்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள், எங்கள் மனுவில் அதுதான் முக்கிய ஆதாரம்.

நோட்டீஸ் போன பிறகு முதலாளியே கூப்பிட்டார். கூகுளில் நான் எழுதிய ரிவ்யூவை எடுத்துவிட்டால் பாதிப் பணம் தருவாராம். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு டேபிளை எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். ரிவ்யூ இருக்கும்.